கண் சொக்குது மிஸி!

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே விசயம்தான். நித்திரை போதவில்லை, வேலை குறையவும் இல்லை, இடையில் எப்படி முழித்திருப்பது? சரி, இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிடுகிறேன். நீங்கள் ‘மிஸி’ என்று கூப்பிடும் நானும் 28 வருசம் தாதி உத்தியோகத்தராக (நர்ஸாக) நைட் டியூட்டி செய்தவள், இந்தக் கரைச்சல் எனக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடி, வயது 34. மட்டக்களப்பு டவுனில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. காலை 4 மணிக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளைகள் இருவரையும் வெளிக்கிடுத்தி, 7 மணிக்கு முன் ஸ்கூட்டியில் ஏறிவிடுவேன். இரவு அவர்கள் படுத்த பிறகு 9.30இல் இருந்து 12 மணி வரை என்னுடைய வெளிவாரிப் பட்டப்படிப்பு. ஒன்றரை வருசமாக இப்படித்தான். நாலு மணித்தியாலம் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன கிழமை ஒரு சம்பளப் பட்டியலில் ஒரு சைபரை விட்டுவிட்டேன். அதற்கு அடுத்த நாள் அலுவலக வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதுதான் யோசித்தேன், கல்லடிப் பாலம் தாண்டியதே நினைவில் இல்லை. படிப்பை விடவும் மனமில்லை. என்ன செய்வது மிஸி?

பதில்: தங்கச்சி, சைபரைத் திருத்தலாம், அந்தப் பாலம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நித்திரை குறைந்த மூளை கண் திறந்திருக்கும்போதே சில செக்கன் அணைந்து எழும்பும். நமக்கு அது தெரியாது. ஸ்கூட்டி 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள், 3 செக்கனில் 33 மீற்றர் ஓடிவிடும். காலை ஏழரைக்குக் காத்தான்குடி மெயின் வீதியில் 33 மீற்றருக்குள் எத்தனை பேர் குறுக்கே வருவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

‘பழகிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னோடு வேலை செய்த அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள், நானும் சொன்னேன். 2003இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஆரோக்கியமானவர்களை 14 நாள் தொடர்ந்து சிலரை 4 மணித்தியாலமும் சிலரை 6 மணித்தியாலமும் மட்டும் நித்திரை கொள்ளவிட்டுச் சோதித்தார்கள். நாள் போகப்போக அவர்களுடைய கவனம் இறங்கிக்கொண்டே போனது. 6 மணித்தியாலம் படுத்தவர்கள்கூட கடைசியில் ஒரு இரவு, இரண்டு இரவு முழுக்க முழித்திருந்தவர்களைப் போல ஆகிவிட்டார்கள். ஆனால் ‘எவ்வளவு நித்திரை வருகிறது?’ என்று கேட்டால், முதல் சில நாளுக்குப் பிறகு அவர்கள் சொன்ன பதில் அவ்வளவாக மாறவில்லை. உடம்பு பழகவில்லை, அசதியை உணர்கிற புத்திதான் மரத்துப்போகிறது. அதனால் இந்த விசயத்தில் உங்கள் மனசு சொல்வதை நம்பாதீர்கள். விட்ட சைபரையும் நினைவில்லாத பாலத்தையும் நம்புங்கள்.

இது எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன், விளங்கினால்தான் மிச்சத்தைச் சரியாகச் செய்வீர்கள். நாம் முழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற ஒரு பொருள் சேர்ந்துகொண்டே வரும், அது சேரச்சேரக் கண் சொக்கும். நித்திரை கொண்டால்தான் அது வடியும். தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கும் கபீன் அதை வடியவைப்பதில்லை, அடினோசின் போய் ஒட்டும் இடத்தில் கபீன் போய் உட்கார்ந்து மறைக்கிறது, அவ்வளவுதான். கபீன் விலகியதும் சேர்ந்ததெல்லாம் ஒன்றாக வந்து அமுக்கும். குடித்து 20, 30 நிமிடத்தில் அது வேலை செய்யும், பாதி வெளியேறவே பலருக்கு 5 மணித்தியாலம் போகும். பின்னேரம் 5 மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும் என்று பாருங்கள். நீங்கள் 12 மணிக்குப் படுத்தாலும் அந்த நித்திரை ஆழமாக இராது. ஆகவே கடைசித் தேத்தண்ணி பகல் 2 மணியோடு சரி.

இனி செய்யவேண்டியது. முதலில் ஸ்கூட்டி. முந்தின இரவு 5 மணித்தியாலத்துக்குக் குறைவாகப் படுத்த நாளில் பஸ்ஸில் போங்கள். பத்து நிமிடம் முன்னுக்கு வெளிக்கிட வேண்டும்தான், ஆனால் சீற் கிடைத்தால் அரை மணித்தியாலம் கண்ணை மூடலாம், இறங்கும் இடத்தில் எழுப்பச் சொல்லிக் கொண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அலுவலகத்தில் கணக்கைக் காலை 11.30க்கு முன் முடியுங்கள். மத்தியானம் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் மனித உடம்பு இயல்பாகவே ஒருமுறை தளரும், சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தளரும், சோறு கூடினால் இன்னும் கூடத் தளரும். அந்த நேரத்துக்கு பைல் அடுக்குவது, போட்டோகொப்பி, ஆட்களோடு பேசவேண்டிய வேலை என்று தள்ளி வையுங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் 15 நிமிடம், அலாரம் வைத்து, கதிரையில் சாய்ந்து கண்ணை மூடலாம். அரை மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஆழ்ந்த நித்திரைக்குள் இறங்கிவிடுவீர்கள், எழும்பும்போது தலை கனத்து, முன்பு இருந்ததைவிட மோசமாக இருக்கும். படுக்கப்போகும் முன்பே பிளேன்டீயைக் குடித்துவிட்டுச் சாய்ந்தால் எழும்பும் நேரத்தில் கபீனும் வந்து சேரும். நைட் டியூட்டியில் எனக்கு இதைவிடக் கைகொடுத்தது வேறொன்றும் இல்லை.

பிழை விடுவதைப் பற்றி. 2004இல் ஹார்வர்டில் செய்த ஒரு ஆய்வில், 24 மணித்தியாலமும் அதற்கு மேலும் தொடர்ந்து வேலை செய்த பயிற்சி வைத்தியர்கள், வேலைநேரம் குறைக்கப்பட்டபோது இருந்ததைவிட 36 வீதம் கூடுதலாகப் பாரதூரமான பிழை விட்டிருந்தார்கள். படித்தவர்கள், கவனமானவர்கள், இருந்தும் விட்டார்கள். அதனால்தான் வார்டில் சில மருந்துகளை இரண்டு பேர் சேர்ந்து, பெயரையும் அளவையும் வாய்விட்டு வாசித்துப் பார்க்காமல் கொடுக்கமாட்டோம். நீங்களும் தொகைகளை வாய்விட்டு வாசியுங்கள், பக்கத்து மேசைப் பிள்ளையிடம் ஒருதரம் காட்டுங்கள். ‘எனக்குக் கொஞ்ச நாளாக நித்திரை குறைவு, இதைப் பாரும்’ என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் ஒட்டுப்போடும் வேலைதான். உண்மையான மருந்து இன்னும் ஒன்றரை மணித்தியால நித்திரை. அது எங்கே இருக்கிறது என்று உங்கள் கடிதத்திலேயே எனக்குத் தெரிகிறது, குசினியில் இருக்கிறது. உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை நீங்கள். அவர் வீட்டில் இருக்கிறார் என்றால் தேங்காய் துருவவும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டவும், தலை இழுத்துவிடவும் அவருக்கும் கை இருக்கிறது. முதல்நாள் இரவே மரக்கறி வெட்டி வைத்து, காலையில் ஒரு சோறு, ஒரு கறி, ஒரு சம்பல் என்று நிறுத்தினால் 5 மணிக்கு எழும்பலாம். படிப்பை 11.30க்கு மூடுங்கள். 11 மணிக்குப் பிறகு ஒரே பக்கத்தை மூன்று தரம் வாசித்துக்கொண்டிருப்பீர்கள், அந்தப் பக்கம் சனிக்கிழமை காலையில் ஒரே தரத்தில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை படுத்துக் கடனைத் தீர்க்கலாம் என்று நினைக்கவேண்டாம், அன்று இரவு நித்திரை வராமல் கிடப்பீர்கள். சனி இரவு 9.30க்குப் படுங்கள்.

இன்னொன்று. இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு பரவலாக இருக்கிறது, அந்தக் களைப்பும் நித்திரைக் களைப்பு மாதிரியே இருக்கும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பவராக இருந்தால் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள், தேயிலை சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது.

கேள்வி: மிஸி அன்ரி, நான் திருக்கோவில். ஏ.எல் பயோ எடுக்கப்போகிறேன். பள்ளி, ரியூசன் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வர இரவு 7.30 ஆகும். 2 மணி வரை படித்துவிட்டு 5.30க்கு எழும்புகிறேன். வகுப்பில் தூங்கி விழுகிறேன். எனர்ஜி டிரிங்க் குடித்தால் நல்லது என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். குடிக்கலாமா?

பதில்: வேண்டாம் மகன். 250 மில்லிலீற்றர் டின் ஒன்றில் பொதுவாக 80 மில்லிகிராம் கபீன் இருக்கும், ஒரு கோப்பி அளவுதான். அதோடு ஐந்தாறு கரண்டி சீனி. காசும் போகும், நித்திரையும் போகும்.

நீர் பயோ படிக்கிற பிள்ளை, ஆகவே உமக்கு இது விளங்கும். பகலில் படித்ததை மூளை அடுக்கி நீண்டகால நினைவாக்குவது நித்திரையில்தான். இரவு 2 மணி வரை உள்ளே போட்டுக்கொண்டே இருந்துவிட்டு மூன்றரை மணித்தியாலம் மட்டும் படுத்தால், வயலில் வெட்டிய நெல்லைச் சூடு மிதிக்காமல் மழையில் விட்ட மாதிரி, பாடு இருக்கும், வீட்டுக்கு நெல் வராது. உம்முடைய வயதுக்கு 8 மணித்தியாலம் தேவை. இப்போது உள்ள ரியூசன் ஓட்டத்தில் அது கிடைக்காது என்று எனக்கும் தெரியும். 11 மணிக்குப் படுத்து 5.30க்கு எழும்பும். விடிந்ததும் முற்றத்துக்குப் போய் வெளிச்சத்தில் பத்து நிமிடம் நில்லும், காலை வெளிச்சம்தான் உடம்பு மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்கிறது. பள்ளி முடிந்து ரியூசனுக்குப் போகுமுன் 20 நிமிடம் கண்ணை மூடும். படிக்கும் நேரத்தில் போன் அடுத்த அறையில் இருக்கட்டும். 2 மணி வரை நீர் படிப்பதில் எவ்வளவு நேரம் போனில் போகிறது என்று ஒரு கிழமை கொப்பியில் உண்மையாக எழுதிப்பாரும், எனக்கு அனுப்பவேண்டாம், உமக்குத் தெரிந்தால் போதும்.

சோதனைக்கு முதல்நாள் இரவு முழிப்பது பற்றியும் நாலைந்து பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில், செய்யவேண்டாம்.

கேள்வி: அக்கரைப்பற்றில் வேன் வைத்து ஓடுகிறேன் மிஸி. வெளிநாடு போகிற, வருகிற சனத்துக்குக் கட்டுநாயக்க ஹயர்தான் கூட. இரவு 9, 10 மணிக்கு வெளிக்கிட்டு விடிய முன் எயார்போட்டில் நிற்கவேண்டும், சிலவேளை அன்றைக்கே திரும்பவும் வேண்டும். பாட்டைக் கூட்டிவிட்டு, கண்ணாடியைத் திறந்து, வெற்றிலை போட்டுத்தான் சமாளிக்கிறேன். வேறு வழி உண்டா?

பதில்: தம்பி, பாட்டும் காற்றும் வெற்றிலையும் கொஞ்ச நேரத்துக்குத் தட்டி எழுப்பும், அதற்குப் பிறகு மூளை அதையும் கவனிக்காது. முகம் கழுவுவதும் அப்படித்தான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். மார்கழி மாதம், இரண்டு இரவு டியூட்டி அடுத்தடுத்துச் செய்துவிட்டுக் காலை 8 மணிக்கு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல வெயில், நல்ல வீதி. வீட்டுக்குப் போனதும் அரிசி ஊறப்போடவேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் மதகுச் சுவரும் வலது மணிக்கட்டில் வலியும். இடையில் நித்திரை வருகிறது என்று எனக்கு ஒரு அறிகுறியும் தெரியவில்லை. எலும்பு முறிந்ததோடு போயிற்று, எதிரில் ஒரு பிள்ளை வந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன். உங்கள் வேனில் எட்டுப் பத்துப் பேர் நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.

1997இல் அவுஸ்திரேலியாவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 17 மணித்தியாலம் தொடர்ந்து முழித்திருந்தவருடைய கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரைப் போலத்தான் வேலை செய்தது. அந்த நாட்டில் அந்த அளவோடு வாகனம் ஓட்டினால் பிடிப்பார்கள். நீங்கள் காலை 6 மணிக்கு எழும்பியவர் என்றால் இரவு 11 மணிக்கே அந்த நிலைக்கு வந்துவிடுவீர்கள். அப்போது ஓட்டம் தொடங்கி ஓரிரு மணித்தியாலம்தான் ஆகியிருக்கும்.

ஹயர் உள்ள நாளில் பகல் 2 மணியில் இருந்து 4 மணி வரை இருட்டறையில் படுங்கள். வீட்டில் யாரும் எழுப்பக்கூடாது, போன் மனைவியிடம் இருக்கட்டும். இதை ஹயரின் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள், டீசல் அடிப்பது மாதிரி. இரவில் ஆபத்தான நேரம் 2 மணியில் இருந்து 5 மணி வரை, எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் உடம்பு அந்த நேரம் கீழே இறங்கும். ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வெளிக்கிட்டால் அந்த நேரத்துக்குள் இருமுறை நிற்கலாம். புணானை, வெலிக்கந்தைப் பக்கத்தில் யானை குறுக்கே வரும், மகியங்கனைப் பாதையில் போனால் பதினெட்டு வளைவு இருக்கிறது, இந்த இடங்களுக்கு முன்பே வெளிச்சமும் ஆளும் உள்ள தேத்தண்ணிக் கடையிலோ பெற்றோல் ஷெட்டிலோ நிறுத்தி, கோப்பி குடித்து, 20 நிமிடம் சீற்றைச் சாய்த்துப் படுங்கள். எழும்பியதும் உடனே ஸ்டார்ட் பண்ணவேண்டாம், இறங்கி ஐந்து நிமிடம் நடந்து தலை தெளிந்த பிறகு எடுங்கள். ஏறும்போதே சனத்திடம் சொல்லிவிடுங்கள், ‘வழியில் 20 நிமிடம் படுப்பேன்’ என்று. யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

கொட்டாவி அடுக்கடுக்காக வருவது, போன ஐந்து கிலோமீற்றர் நினைவில்லாமல் இருப்பது, வேன் வெள்ளைக்கோட்டைத் தொடுவது, இதில் ஒன்று வந்தாலே ஓரம் கட்டுங்கள். அன்றைக்கே திரும்பும் ஹயரை இரண்டாவது ட்ரைவர் இல்லாமல் எடுக்காதீர்கள். காசு குறையும், உண்மைதான். இருந்தாலும் எடுக்காதீர்கள்.

கேள்வி: சம்மாந்துறையில் துணிக்கடை வைத்திருக்கிறேன் அக்கா. நோன்பு மாதத்தில் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து, பெருநாள் வியாபாரமும் முடிந்து படுக்க 12 மணி தாண்டும். சஹர் சாப்பாட்டுக்கு 3.30க்கு எழும்பவேண்டும். பகல் முழுக்கத் தலை இடிக்கிறது, கணக்கும் பிழைக்கிறது.

பதில்: நோன்பு காலத்தில் ஒரே நீட்டில் படுக்கக் கிடைக்காது, துண்டு துண்டாகத்தான் எடுக்கவேண்டும். என்னோடு வேலை செய்த முஸ்லிம் தங்கச்சிமார் செய்ததைச் சொல்கிறேன். முதல் இருபது நாளும் தராவீஹ் முடிந்ததும் நேரே வந்து படுத்துவிடுவார்கள், போன் இல்லை, ரீவி இல்லை. விடிய சுபஹ் தொழுதபிறகு ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம். மத்தியானம் லுஹர் தொழுகைக்குக் கிட்ட கைலூலா என்ற குட்டி நித்திரை 20 நிமிடம். மூன்றையும் கூட்டினால் ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்ட வந்துவிடும். நீங்கள் கடையை 10 மணிக்குத் திறந்தால் சுபஹுக்குப் பின் வரும் நித்திரை உங்கள் கையில்தான் இருக்கிறது.

தலையிடி பலவேளை தேத்தண்ணி நின்றதால் வருவது. அடுத்த வருசம் நோன்புக்கு இரண்டு கிழமை முன்பிருந்தே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வாருங்கள், திடீரென்று நிறுத்தும்போதுதான் இடிக்கும். நோன்பின் கடைசிப் பத்து நாளில் கடையில் கூட்டம் கூடும்போது கல்லாவில் இரண்டு பேர் இருக்கட்டும், பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு மொத்த வியாபாரிகளோடு கணக்கு முடிக்கவேண்டாம். மோட்டார் சைக்கிளில் நோன்பு திறக்க அவசரமாக ஓடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஏறாவூர், வயது 58. கச்சான் காற்றுத் தொடங்கியதில் இருந்து தும்மல். அதற்கு பிரிட்டோன் (Piriton) குளிசை போடுகிறேன். பகலெல்லாம் நித்திரையாக இருக்கிறது. வயதா?

பதில்: குளிசைதான் ஐயா. அதில் உள்ள குளோர்பெனிரமின் தும்மலை நிறுத்தும், நித்திரையையும் கொண்டுவரும். அதைப் போட்டுவிட்டு வாகனம் ஓட்டவோ உழவு மெஷினில் ஏறவோ வேண்டாம். நித்திரையை அவ்வளவாகக் கொண்டுவராத ஒவ்வாமை மருந்துகள் இருக்கின்றன, வைத்தியரிடம் கேட்டு மாற்றுங்கள். மற்ற நோய்களுக்கு எடுக்கும் குளிசைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, வாழைச்சேனைப் பக்கம் வேலை. இரவு 9 மணிக்கே படுத்துவிடுவார், 5.30 வரை படுப்பார். இருந்தும் சாப்பிடும்போதே தூங்கி விழுகிறார். போன கிழமை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார். சோம்பேறித்தனம் என்று மாமி ஏசுகிறார். குறட்டையும் பெரிய குறட்டை.

பதில்: தங்கச்சி, இது சோம்பல் இல்லை, மாமியிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் படுத்தும் ஒருவர் இப்படித் தூங்கி விழுந்தால் அந்த நித்திரை நித்திரையாக இல்லை என்றுதான் அர்த்தம். இன்றிரவு கொஞ்சம் முழித்திருந்து பாருங்கள். குறட்டை இடையில் நின்று, பத்துப் பதினைந்து செக்கன் மூச்சே கேட்காமல், பிறகு திணறிக்கொண்டு மீண்டும் தொடங்குகிறதா? அப்படியென்றால் தொண்டைப் பாதை மூடிக்கொள்கிறது, மூளை அவரை ஒவ்வொருமுறையும் தட்டி எழுப்புகிறது. ஒரு இரவில் நூறு தரம்கூட நடக்கும், காலையில் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இராது. பிரஸர் கூடுவதற்கும் இது ஒரு காரணம். இதற்குச் சோதனையும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

அதுவரை வாகனம் ஓட்டவிடாதீர்கள். மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் போனில் அந்தக் குறட்டையை ஐந்து நிமிடம் பதிந்து வையுங்கள், மூச்சு நிற்கும் இடமும் வரவேண்டும். காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு அவரைத் தனியே அனுப்பாதீர்கள், கேட்டால் ‘நான் நல்லாத்தான் படுக்கிறேன் டொக்டர்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். நீங்களும் கூடப் போங்கள்.